வடிவீசுவரம் வீட்டை இடிக்கச் சொன்னது நான்தான்

2009-ல் நாகர்கோவில் வடிவீசுவரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டை இடித்துவிடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். கட்டடப் பொறியாளராகத் தொழில் தொடங்கி அப்போது எட்டு வருடம். எல்லாம் தெரியும் என்று தோன்றுகிற வயசு. சுவரில் நெஞ்சளவுக்கு ஈரம் ஏறியிருக்கிறது, பூச்சு கொப்புளித்து உதிர்கிறது, முகப்பு அறை ஜன்னலுக்கு மேல் விரிசல் விட்டிருக்கிறது, இனி இதில் குடியிருக்கலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். முக்கால் மணி நேரம் சுற்றிப் பார்த்தேன். ஏணி கேட்கவில்லை, கூரைக்கு ஏறவில்லை. வீட்டின் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இடிக்க வந்த ஜேசிபி முதல் நாள் முழுக்க அடுக்களைச் சுவரோடு மல்லுக்கட்டியது. செங்கல் செங்கல்லாக உதிரும் என்று எதிர்பார்த்த சுவர், பாளம் பாளமாகத்தான் சரிந்தது. வெளியே பூசியிருந்த சிமென்ட் மட்டும் தோசைபோலத் தனியாகக் கழன்று வந்தது. அதன் பின்னால் செங்கல் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. சிமென்ட் எட்டாத உயரத்தில் அதே சுவர், அதே செங்கல், சுண்ணாம்புச் சாந்தோடு உலர்ந்து வெளுத்திருந்தது.

"சாரே, சுவருக்கு ஒரு கேடும் இல்ல. அதுக்குச் சட்டை போட்டவன்தான் கெடுத்தான்" என்றார் கொத்தனார்.

மூன்றாம் நாள் போனபோது அந்தக் கறுத்த செங்கற்களும் வெயிலில் காய்ந்து வெளுத்திருந்தன. ஜன்னல் மேல் விரிசலுக்குக் காரணம், உள்ளே இருந்த மரத்தைக் கரையான் தின்றது. அந்த ஒரு மரத்தை மாற்றியிருந்தால் போதும். அயனி மரத்தில் செய்த கழுக்கோல்களையும் (ஓட்டைத் தாங்கும் சரிவுச் சட்டங்கள்) உத்திரங்களையும் ஒரு பழைய மர வியாபாரி லாரியில் ஏற்றிக் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளை வழியாகக் கொண்டுபோனார்.

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. அதற்குப் பிறகு என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "பழைய வீட்டை வைத்துக்கொள்வதா, இடித்துவிட்டு ஃபிளாட் கட்டுவதா?" இதற்குப் பொதுவாக ஒரு பதில் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இடிக்கிறவர்களில் பலர், வீட்டைப் பற்றித் தவறான தகவலை நம்பி இடிக்கிறார்கள். அந்தத் தகவலை ஒரு காலத்தில் கொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் சுவர். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்கள் ஒரு மழைக்கே ஏங்கும்போது கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில் பழைய சுவர் நனையாமல் இருக்கவே முடியாது. நனையும், மழை விட்டதும் காயும். சுண்ணாம்புப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். உள்ளே போன ஈரம் அதே வழியில் ஆவியாக வெளியேறும். சிமென்ட் பூச்சு நெருக்கமானது. அது வெளியிலிருந்து வரும் மழையைத் தடுக்கும் என்று நினைத்துப் பூசுகிறோம். ஆனால் அஸ்திவாரத்திலிருந்து மேலே ஏறுகிற ஈரத்துக்கு வாசலை அடைத்துவிடுகிறோம். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். கூடவே மண்ணிலிருக்கும் உப்பையும் கொண்டுபோகும். பூச்சுக்குப் பின்னால் உப்பு படிகமாகி, பூச்சை நெட்டித் தள்ளும். கொப்புளம் வருவது அப்படித்தான். அதைச் சுரண்டிவிட்டு மறுபடியும் சிமென்ட், அதன்மேல் புட்டி, அதன்மேல் ஈரம் தாங்கும் பெயிண்ட் என்று அடிப்போம். அடுத்த மழைக்கு ஈரம் இன்னும் ஒரு அடி மேலே நிற்கும்.

சுண்ணாம்புக்கு வேறொரு குணமும் உண்டு. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பல மாதங்களில் மறுபடியும் கல்லாக மாறுகிறது. மயிரிழை விரிசல் விழுந்தாலும், மழைத் தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு அதில் படிந்து மூடிக்கொள்ளும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் சேர்ப்பது அதற்குப் பிசுபிசுப்பும் உறுதியும் கொடுக்க. இன்று நாம் போர்ட்லண்ட் சிமென்ட் என்று சொல்வதற்கு இங்கிலாந்தில் உரிமம் வாங்கியதே 1824-ல்தான். அதற்கு முன் நின்ற கட்டடமெல்லாம் எதில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள்.

ஈரம் ஏறிய பழைய வீட்டுக்கு நான் இப்போது சொல்லும் வைத்தியம் எளிது, ஆனால் பொறுமை வேண்டும். கீழ்ச்சுவரில் சிமென்ட் பூச்சை முழுக்கக் கொத்தி எடுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். வீட்டைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளத்தைச் சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு வெட்டி எடுத்துச் சரளை போடுங்கள். அப்புறம் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. சிமென்ட் பூச்சைவிடக் கூலி கூடத்தான் ஆகும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். எனக்குத் தெரிந்த இரண்டு பேருமே அறுபதைத் தாண்டியவர்கள்.

சரி, கூரை. வீட்டைப் புதுப்பிக்க வருகிற பலர் செல்போனில் பத்மநாபபுரம் அரண்மனைத் தரையின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும் சார்" என்பார்கள். தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு என்று அந்தக் கறுப்புத் தரையைப் பற்றிய கதைகளும் கூடவே வரும். தரையை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள் என்பேன். தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அரண்மனை 1601 வாக்கில் தொடங்கியது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மா காலத்தில், 1750-ஐ ஒட்டி, பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. 1795-ல் திருவிதாங்கூரின் தலைநகர் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. இன்றைக்கும் நிற்கிறது, அதுவும் உப்பரிகை மாளிகை நாலு அடுக்கு. 1956 நவம்பர் 1-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அரண்மனையைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறைதான். ஓடு உடைந்தால் மாற்ற ஒரு ஆள் இருக்கிறார், அவ்வளவுதான் ரகசியம். சுவரைத் தாண்டி நீண்டு தாழ்ந்து இறங்கும் இறவாரம் மழையைச் சுவரில் படவே விடாது. மரச்சட்டங்கள் அடுக்கிய சாளரம் காற்றை விடும், வெயிலை விடாது.

நம் வீடுகளில் என்ன நடக்கிறது? மகன் வளைகுடாவில், மகள் சென்னையில். ஓடு பிரித்து மேய்ந்து இருபது வருடம் ஆகியிருக்கும். ஒரே ஒரு ஓடு நகர்ந்திருக்கும். அந்த இடைவெளியில் இறங்கிய தண்ணீர் கழுக்கோலின் நுனியை உளுக்க வைக்கும். பிறகு உத்திரம், பிறகு சுவரின் தலை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்து ஓடுகள் பறந்தபோது, பல வீடுகளில் அதன்மேல் நீலத் தார்ப்பாய் போட்டார்கள். அடுத்தடுத்த வருடங்களில் நான் போன சில வீடுகளில் அந்தத் தார்ப்பாயே கூரையாக இருந்தது. அந்த வீடுகளை முதுமை கொன்றது என்று சொன்னால் நியாயம் இல்லை.

இதை வாசித்துவிட்டு நான் உயரமான கட்டடங்களுக்கு எதிரி என்று நினைத்தால் தவறு. பழைய வீட்டில் குடியிருந்த பெண்களைக் கேளுங்கள், இருட்டு அடுக்களையையும் கிணற்றடிக்கு அப்பால் இருந்த கழிப்பறையையும் பற்றிச் சொல்வார்கள். ஏழு வாரிசுக்குப் பாகம் பிரியாமல் கிடக்கும் வீட்டை யார் பராமரிப்பது? ஊர் வளர்கிறது. வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். பத்து சென்ட்டில் மேல்நோக்கிப் பன்னிரண்டு குடும்பம் குடியேறினால், எங்கோ ஒரு வயலில் பன்னிரண்டு மனை விழாமல் இருக்கும். நாஞ்சில் நாட்டில் வயலில் மண் கொட்டி மனை போடுவதைப் பார்க்கும்போது வருகிற வலி, ஓட்டு வீடு இடிவதைப் பார்க்கும்போதுகூட எனக்கு வருவதில்லை. உயரம் நமக்குப் புதிதும் இல்லை. சுசீந்திரம் கோபுரம் 134 அடி. ஆனால் அதைச் சுற்றி நான்கு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் இருபதடித் தெருவில் ஐந்து மாடி எழுப்பி, மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து, ஜன்னலுக்கு மேல் ஒன்றரை அடி சன்ஷேடுகூட இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு எல்லா அறைக்கும் ஏசி மாட்டுகிறார்கள். இரண்டு பருவமழை ஊரில் இறவாரம் இல்லாத பெட்டி எதற்கு?

2019-ன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டருக்கு மேல் போவதை உயரமான கட்டடம் என்று தனியாகப் பிரித்து, சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, தீயணைப்பு வசதி என்று கூடுதலாகக் கேட்டன. அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி அந்தக் கேள்விகளிலிருந்து தப்பிக்கிற கட்டடங்கள்தான் சின்னத் தெருக்களில் பெருகின. ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் வரவேற்பறை மார்பிளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு கனம். கடற்காற்று நேரடியாகப் படும் இடத்தில் நம் தேசியத் தரநிலை கேட்பது 45 மில்லிமீட்டர். இதைக் குறைத்தால் உப்பு கம்பியை அடையும், கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். இன்னொன்று, அனுமதிக் காகிதம். கொச்சிக்குப் பக்கத்தில் மரடில் நாலு அடுக்குமாடிக் குடியிருப்புகளை 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். அவை கடலோர ஒழுங்குமுறை விதியை மீறிக் கட்டப்பட்டவை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் காரணம். நல்ல கட்டடத்தில் நல்ல விலை கொடுத்துக் குடியேறியவர்கள் பெட்டியோடு வெளியே நின்றார்கள்.

பழையதும் புதியதும் நிஜமாகவே மோதிக்கொள்வது, பக்கத்து மனையில் பள்ளம் தோண்டும்போதுதான். கோட்டாறு பக்கம் ஒரு ஆச்சி, தனியாக இருப்பவர். பக்கத்தில் ஒரு வணிக வளாகம் வந்தது. தரைக்குக் கீழே வண்டி நிறுத்த அவர் சுவரை ஒட்டியே பத்தடி ஆழம் எடுத்தார்கள். பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் இரண்டு மூன்று அடி ஆழக் கருங்கல் கட்டுதான். அதன் காலடியை விட்டு மண் நகர்ந்தால் சுவர் பள்ளத்தின் பக்கம் சாயும். ஒரு வாரத்தில் கூடத்துச் சுவரில் விரல் நுழைகிற விரிசல். "இது ஏற்கெனவே இருந்த விரிசல்" என்று கட்டுபவர் சொல்லிவிட்டார். இல்லை என்று காட்ட ஆச்சியிடம் ஒரு படம்கூட இல்லை. எனக்குத் தெரிந்த எல்லா விதத்திலும் முயன்றேன். கடைசியில் கிடைத்த தொகை, விரிசலை அடைக்கக்கூடப் போதவில்லை.

ஆகவே பக்கத்து மனையில் அளவுக் கயிறு கட்டுவதைப் பார்த்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். எல்லா அறையின் எல்லாச் சுவரையும், அன்றைய நாளிதழ் தெரிகிற மாதிரி வைத்துப் படம் எடுங்கள். இருக்கும் விரிசல்களையும் மறைக்காமல் எடுங்கள், அதுதான் உங்கள் நேர்மைக்குச் சாட்சி. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். படங்களின் ஒரு பிரதியைக் கட்டுபவருக்கும் மாநகராட்சிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து பள்ளத்தை நோக்கி 45 பாகையில் சரிவாக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குக் கீழே போகிற எந்தத் தோண்டலுக்கும் முதலில் மண் சரியாமல் தடுக்கும் மண்தாங்கி வேண்டும் என்று பொறியாளரை வைத்து எழுதிக் கேளுங்கள். ஒரே மூச்சில் முழு நீளமும் தோண்டாமல், ஐந்தடி ஐந்தடியாக இடம் விட்டுத் தோண்டச் சொல்லுங்கள். வழக்குப் போடுவது அப்புறம். இதைச் செய்தாலே கட்டுபவர் உங்கள் சுவரை மரியாதையாகப் பார்ப்பார்.

இடிக்கவே வேண்டிய வீடுகளும் உண்டு. சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால், மூலைகள் பிரிந்து நின்றால், உத்திரங்கள் சுவரில் உட்காரும் நுனி எல்லாம் மாவாகப் போயிருந்தால் நானும் இடிக்கத்தான் சொல்கிறேன். ஆனால் இப்போது ஒரு வீட்டுக்கு மூன்று முறை போகிறேன்: வெயிலில் ஒன்று, மழையில் ஒன்று, வீட்டில் வளர்ந்த மூத்தவர் ஒருவரோடு ஒன்று. எந்த வருடம் சிமென்ட் பூசினார்கள், எந்தப் பக்கம் கிணறு மூடினார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

வடிவீசுவரம் மனையில் எழுந்த கான்கிரீட் வீட்டுக்காரர் போன வருடம் கூப்பிட்டார். மாடித் தளத்தின் அடிப்பக்கத்தில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. மேற்குச் சுவரில் ஈரம். வீட்டுக்குப் பதினாலு வயசு. இந்தத் தடவை ஏணியோடு போனேன். இறங்கி வந்ததும் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், பழைய வீட்டு மரம் எங்கே போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" கேரளத்தில் கோவளம் பக்கம் ஒரு விடுதியின் முகப்பில் அதே அயனி உத்திரங்களை, மூலையில் அவர் அப்பா வெட்டிய எழுத்தோடு, நான் பார்த்திருந்தேன். தெரியும் என்று சொல்லிவிட்டு, கம்பிக்குத் துருத்தடுப்பு அடிக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.