ஊதா உடுத்திய காலையில் பிறப்புப் பாடல்: மார்கழியில் பங்கு வழிபாட்டைத் திட்டமிடுவது பற்றி

2023-ஆம் ஆண்டு டிசம்பர் 24 ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில், கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் ஊதா உடைக் காலமான திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. அன்று மாலையிலிருந்தே கிறிஸ்து பிறப்புப் பெருவிழா. மதுரைக்கு அருகே, மறைக்கல்வி கற்பித்து வழிபாட்டுக்கு உதவும் வேதியராக நான் பணியாற்றும் பங்கில் சனிக்கிழமை இரவே குடில் கட்டி, சீரியல் விளக்குகளைத் தொங்கவிட்டு, பீடத்தைச் சுற்றிப் பூக்களை அடுக்கி முடித்திருந்தோம். ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பங்குத்தந்தை ஊதா நிறத் திருவுடையில் பவனியாக வந்தபோது, பாடகர் குழு இரவுக்கென்று பழகி வைத்திருந்த பிறப்புப் பாடலையே வருகைப் பாடலாக எடுத்துவிட்டது. திருப்பலி முடிந்து வெளியே வந்ததும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி என்னைத் தனியே அழைத்தார். “உபதேசியாரே, சாமி ஊதா உடுத்திருக்காரு, நீங்க பாலன் பொறந்துட்டார்னு பாடுறீங்க. இன்னைக்கு நாங்க காத்திருக்கணுமா, கொண்டாடணுமா?” என்று கேட்டார்.

அவர் குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. செபிக்க வந்தவருக்கு மனத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். பாடகர் குழுவின் மீதும் பழி இல்லை. இரவுத் திருப்பலிக்கான பாடல் பட்டியலை நவம்பரிலேயே அவர்களிடம் கொடுத்திருந்த நான், அதே நாளின் காலைக்கு ஒரு வரிகூட எழுதிக் கொடுக்கவில்லை. தினசரி காலண்டரைக் கிழித்துக் கிழித்து நாளை எண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, திருவழிபாட்டு நாட்காட்டியைத் திறந்து பார்க்கவில்லை. ஞாயிறு கடனுக்கு ஒரு திருப்பலி, பெருவிழாவுக்கு இன்னொரு திருப்பலி என்று இரண்டிலும் பங்கேற்க வேண்டும் என்பதையும் இரண்டு வாரங்களுக்கு முன்பே அறிவித்திருக்க வேண்டும், அதையும் செய்யாததால், “ஒன்று போதுமா?” என்ற கேள்விக்கு அன்று முழுவதும் ஆளாளுக்கு ஒரு பதில் சொன்னோம். இதே அமைப்பு 2028-இல் மீண்டும் வருகிறது. மற்றப் பங்குகளில் இந்தப் பொறுப்பைச் சுமக்கும் வேதியர்களும் வழிபாட்டுக் குழுவினரும் நான் தவறவிட்டதைத் தவறவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

திருவருகைக் காலம் ஆண்டுதோறும் ஒரே நீளம் உடையது அன்று. புனித அந்திரேயாவின் விழாவான நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறே அதன் தொடக்கம் என்பதால், அது நவம்பர் 27 முதல் டிசம்பர் 3 வரை எந்த நாளிலும் வரலாம். ஞாயிறுகள் எப்போதும் நான்குதான். நாட்களோ 22 முதல் 28 வரை மாறுகின்றன. 2023-இல் வந்தது மிகக் குறுகிய 22 நாள். 2026-இல் நவம்பர் 29 அன்று தொடங்குவதால் 26 நாட்கள் கிடைக்கின்றன. அன்று முதல், மூன்றாண்டுச் சுழற்சியில் வரும் ஞாயிறு வாசகங்களின் இரண்டாம் ஆண்டும், அதற்குரிய மாற்கு நற்செய்தியும் தொடங்குகின்றன. மாற்கு இயேசுவின் பிறப்பைப் பற்றி எதுவும் எழுதவில்லை. விழித்திருங்கள் என்று கட்டளையிடும் 13-ஆம் அதிகாரத்தோடு முதல் ஞாயிறும், பாலைநிலத்தில் முழங்கும் திருமுழுக்கு யோவானோடு இரண்டாம் ஞாயிறும் வருகின்றன. குடிலும் நட்சத்திரமும் மட்டும் மனத்தில் இருக்கும் ஒருவர் அந்த ஞாயிறுகளில் மன்றாட்டுகளை எழுத உட்கார்ந்தால், வாசகத்துக்கும் மன்றாட்டுக்கும் தொடர்பே இருக்காது. ஆகவே அக்டோபர் கடைசி வாரத்தில், பாடல் நோட்டை எடுப்பதற்கு முன்பு, வாசகங்களைக் குழுவாக உட்கார்ந்து சத்தமாகப் படித்துவிடுவதை நாங்கள் இப்போது வழக்கமாக வைத்திருக்கிறோம்.

அக்டோபர் என்று சொல்வதற்கு நம் ஊர்க் காரணங்களும் உண்டு. வடகிழக்குப் பருவமழை நவம்பர் மாலைகளில் பயிற்சிகளைக் கலைத்துவிடுகிறது. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு வந்துவிடுவதால், பாடகர் குழுவிலும் பீடச் சிறுவரிலும் பாதிப் பேர் வரமாட்டார்கள். வரச் சொல்லி வற்புறுத்துவதும் முறையன்று. தேர்வுக்கு முன் முடிக்க வேண்டியதையும், 23-ஆம் தேதிக்குப் பிறகு இரண்டு நாளில் ஒத்திகை பார்க்க வேண்டியதையும் தனித்தனியாகப் பிரித்து எழுதிவிட்டால் கடைசி நேரப் பதற்றம் பாதியாகக் குறைகிறது. பனி தொடங்கியதும் காலை ஐந்தரை மணித் திருப்பலிக்கு வரும் முதியவர்களுக்குத் தரையில் கூடுதலாக ஜமுக்காளம் விரிப்பதும் இந்தத் திட்டத்தில் சேர்ந்ததுதான். வெறும் கல்தரையில் ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் வருவதை நிறுத்தியவர்கள், ஆர்வம் குறைந்து நின்றுவிட்டார்கள் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம்.

பூக்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருவருகைக் காலத்தில் பீடத்துக்குப் பூக்கள் அளவோடு இருக்க வேண்டும், கிறிஸ்து பிறப்பின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொண்டு காட்டிவிடக் கூடாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் 305-ஆம் எண்ணில் கேட்கின்றன. இசைக்கருவிகளுக்கும் 313-ஆம் எண் அதையே சொல்கிறது. ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ப்பாடல் பாடப்படுவதில்லை, அல்லேலூயா மட்டும் தொடர்கிறது. இதை விதி என்று மட்டும் சொன்னால் நம் மக்களுக்கு வறட்சியாகத் தோன்றும். ஆனால் மதுரையில் மல்லிகைச் செடியே இந்தக் காலத்தில் அடங்கிவிடுகிறது. பனி இறங்க இறங்க மொக்கு குறைந்து, மாட்டுத்தாவணி பூச்சந்தையில் மல்லிகை விலை தொட முடியாத உயரத்துக்குப் போய்விடுகிறது. அந்த நாட்களில் கடன் வாங்கிப் பூ வைப்பதைவிட, பச்சை இலைகளால் கட்டிய ஒரு வளையமும் வாரத்துக்கு ஒன்றாக ஏறும் நான்கு மெழுகுவர்த்திகளும் போதும். 25-ஆம் தேதிக்காகச் சேர்த்து வைத்த பூ அன்றிரவு வந்து இறங்கும்போது, அதன் மணமே இன்று எந்த நாள் என்பதைச் சொல்லிவிடும்.

டிசம்பர் 17 முதல் 24 வரையிலான எட்டு நாட்களைத்தான் நம் பங்குகள் மிக அதிகமாக இழக்கின்றன. மார்கழி பிறப்பதும் டிசம்பர் 16 அல்லது 17-இல்தான். தெரு முழுக்கக் கோலமும், விடியலில் ஒலிபெருக்கியில் திருப்பாவையுமாக ஊரே அதிகாலையில் எழுந்து காத்திருக்கப் பழகும் அதே வாரத்தில், திருச்சபையும் தன் காத்திருப்பை நாள் நாளாகக் கூர்மைப்படுத்துகிறது. 17-ஆம் தேதி இயேசுவின் மூதாதையர் பட்டியல், 18-இல் யோசேப்பின் கனவு, 19-இல் செக்கரியாவுக்கு வந்த செய்தி, 20-இல் மரியாவுக்கு வந்த செய்தி, 21-இல் எலிசபெத்தைச் சந்தித்தல், 22-இல் மரியாவின் பாடல், 23-இல் யோவானின் பிறப்பு, 24 காலையில் செக்கரியாவின் பாடல் என்று நற்செய்தி ஒரு கதையாகவே நகர்கிறது. ஆனால் அந்த மாலைகளில் நாம் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் டிரம்ஸோடும் கேரல் பவனியில் இருக்கிறோம். வார நாள் திருப்பலிக்கு வருவோர் இருபது பேர்தான்.

கேரல் பவனியை நிறுத்தச் சொல்வது என் நோக்கம் அன்று. அதில்தான் இளைஞர்கள் ஒவ்வொரு வீட்டின் நோயாளியையும் முதியவரையும் நேரில் பார்க்கிறார்கள். எங்கள் பங்கில் இப்போது டிசம்பர் தொடக்கத்தில் கிளம்புவதை விட்டுவிட்டு, 17-ஆம் தேதி மாலையில் தொடங்குகிறோம். ஒரு மாலைக்கு ஓர் அன்பியம், அதாவது அருகருகே வாழும் பங்குக் குடும்பங்களின் ஒரு குழு. அந்த அன்பியத்தின் முதல் வீட்டில் எல்லாரும் கூடியதும், அன்றைய நற்செய்தியை அந்த வீட்டார் ஒருவரே வாசிக்கிறார். ஒரு நிமிட அமைதிக்குப் பிறகுதான் பாட்டு. முதல் ஆண்டில், 21-ஆம் தேதி ஒரு வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகளுக்கு மாமியார் அருகில் நின்றுகொண்டு எலிசபெத்தைப் பற்றி வாசித்தபோது, கூட்டத்தில் யாரும் அசையவில்லை. நான் பல ஆண்டுகள் மறைக்கல்வி வகுப்பில் சொல்லியும் புரியவைக்க முடியாததை அந்த வாசலில் கண்டேன்.

இரவுத் திருப்பலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு எல்லாரும் உழைக்கிறார்கள். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கிறிஸ்து பிறப்புக்குத் திருவிழிப்பு, நள்ளிரவு, விடியல், பகல் என நான்கு திருப்பலிகள் உண்டு. நான்குக்கும் தனித்தனி வாசகங்கள். நள்ளிரவில் லூக்கா சொல்லும் தீவனத் தொட்டி, விடியலில் இடையர்கள், பகலில் வாக்கு மனிதரானதைச் சொல்லும் யோவான். கிளைக் கிராமங்களில் ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் பூசை வைத்துவிட்டு, தலைமை ஆலயத்துக்குப் பதினொன்றரைக்கு ஓடி வரும் பங்குத்தந்தையிடம் எந்த வாசகம் என்று அந்த நேரத்தில் கேட்பது அநியாயம். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு தாளில் வாசகத்தின் பக்க எண்ணை எழுதி, வாசகர் கையில் ஒரு வாரத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும்.

பிறகு நடப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. ஜனவரி 1 இரவோடு குடிலைப் பிரித்துவிடுகிறோம். கிறிஸ்து பிறப்புக் காலமோ ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. நம் நாட்டில் ஞானிகள் பாலனைக் காண வந்ததை நினைவுகூரும் திருக்காட்சியை ஜனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறில் கொண்டாடுகிறோம்; 2027-இல் அது ஜனவரி 3, திருமுழுக்கு விழா ஜனவரி 10. ஒரு மாதம் முன்கூட்டியே கொண்டாடத் தொடங்கியவர்கள், உண்மையான காலம் வரும்போது களைத்துப் போய்விடுகிறார்கள். ஞானிகள் குடிலைத் தேடி வரும் ஞாயிறன்று அட்டைப்பெட்டியில் கட்டிய சுரூபங்கள் பின்னறையில் இருக்கின்றன. திருமுழுக்கு விழா எந்த ஆண்டிலும் ஜனவரி 13-ஐத் தாண்டாது. ஆகவே பொங்கலுக்கு முன் குடிலைப் பிரிக்கலாம் என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்தால் நம் மக்கள் மறக்கமாட்டார்கள். ஆலய வளாகத்தில் பொங்கல் பானை ஏறும்போது பச்சைத் திருவுடையோடு பொதுக்காலம் தொடங்கியிருக்கும். புது நெல்லுக்கு நன்றி சொல்ல அது பொருத்தமான நேரம்.

தை மாதத் திருமணங்களுக்கு 2027 குறுகிய ஆண்டு. திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10-இலேயே வந்துவிடுவதால், தை முடியும் முன்பே தவக்காலம் தொடங்கிவிடுகிறது. தவக்காலத்தில் திருமணத்தைத் திருச்சபை முற்றிலும் தடுப்பதில்லை என்றாலும், நம் குடும்பங்கள் வைப்பதில்லை. அந்த வழக்கம் நல்லது. திருமண அறிவிப்பான ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும் என்பதைக் கணக்கில் கொண்டால், ஜனவரி 17, 24, 31 ஆகிய நாட்களைத் தவறவிட்டவர்கள் தவிப்பார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள் என்று அக்டோபரிலிருந்தே ஒவ்வொரு மாதமும் அறிவிக்க வேண்டும். ஜனவரி 24 இறைவார்த்தை ஞாயிறாகவும் இருப்பதால், அன்று அறிவிப்புகள் நீண்டுவிடாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

பிப்ரவரி 2 செவ்வாயன்று, குழந்தை இயேசுவைக் கோவிலில் ஒப்புக்கொடுத்ததை நினைவுகூரும் காணிக்கை விழாவுக்கு மெழுகுவர்த்தி மந்திரிப்பு. பிப்ரவரி 4 வியாழனன்று நம் மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்து, 1693-இல் ஓரியூரில் தலை கொடுத்த புனித அருளானந்தரின் (ஜான் டி பிரிட்டோ) நாள். ஓரியூருக்குப் போவோர் பலர் அறியாத ஒன்று உண்டு: அவர் கொல்லப்பட்ட அந்த 1693 பிப்ரவரி 4, திருநீற்றுப் புதன். நாட்காட்டியில் திருநீற்றுப் புதன் அதைவிட முன்னதாக வரவே முடியாது. 2027-இல் இரண்டு நாட்களுக்கும் இடையே ஆறு நாட்கள்தான். அருளானந்தர் விழாத் திருப்பலியின் முடிவில் இதை மக்களிடம் சொல்லி, கடந்த குருத்து ஞாயிறன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படத்தின் பின்னால் செருகி வைத்த குருத்தோலையை, பிப்ரவரி 7 ஞாயிறன்று, திருநீற்றுப் புதனில் பூசும் சாம்பலுக்காகக் கொண்டுவரச் சொல்லலாம் என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். அவர் சம்மதித்திருக்கிறார். ஓலைகளைப் போட ஆலய வாசலில் வைக்க இரண்டு பெரிய கூடைகள் வேண்டும். அதையும் அக்டோபர் திட்டத் தாளில் எழுதியாயிற்று.