வயல்காற்றும் முன்னால் போகிறவர் முதுகும்

புக்கிட் ரோத்தான் தோட்டத்துச் சாலையில் ஒரு மாதம் சைக்கிள் மிதித்துவிட்டு, சிலாங்கூர் கடலோரத்து வயல் ஊரான சிகிஞ்சான் என்ன, அதற்கு மேலேயும் போய் வருவேன் என்று நினைத்தவன் நான். செம்பனை மரங்கள் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு நிற்பதால் அங்கே காற்று அவ்வளவாகத் தெரியாது. தஞ்சோங் காராங் தாண்டி வயல் திறந்துகொண்டதும் என் வண்டவாளம் தெரிந்துவிட்டது: அதே கால், அதே சைக்கிள், வேகம் மட்டும் பாதி.

சமதரையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் முக்கால் பங்கு காற்றை விலக்கவே செலவாகிறது. அதுவும் நேர் கணக்கில் ஏறுவதில்லை, காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறும். 25 கிலோமீட்டரில் போகிறீர்கள், எதிரே 15 கிலோமீட்டரில் காற்று வீசுகிறது என்றால் உங்கள் நெஞ்சில் மோதுவது 40. தடை இரண்டரை மடங்குக்கும் மேல். காலை மட்டும் பழக்கினால் இதைச் சமாளிக்க முடியாது.

சரி, கூட்டமாகப் போனால் என்ன ஆகிறது? முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, அவர் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, அங்கிருக்கும் காற்றும் அவரோடு சேர்ந்து கொஞ்சம் இழுபட்டு வருகிறது. அரை மீட்டர் இடைவெளியில் அந்த மறைவுக்குள் நுழைந்துவிட்டால் ஏறக்குறைய கால் பங்கு, சில சமயம் மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவரைத் திட்டுவார்கள், ஆனால் அவர் அந்தக் காற்றழுத்தம் குறைந்த இடத்தை நிரப்புவதால் முன்னால் போகிறவருக்கும் துளி லாபம் உண்டு.

கடல் பக்கமிருந்து காற்று குறுக்கே அடித்தால் மறைவு நேர் பின்னால் இருக்காது, சாய்வாக விலகிப் போகும். அதைத் தேடிப் பக்கவாட்டில் நகரும்போதுதான் புதியவர்கள் விழுகிறார்கள். உங்கள் முன்சக்கரம் அடுத்தவர் பின்சக்கரத்தை உரசினால் அவருக்கு ஒன்றும் ஆகாது, உங்கள் ஹேண்டில்தான் திரும்பிவிடும்.

மறைவில் போனால் உடம்பில் காற்றும் குறைவாகப் படும். நம் ஊர் ஈரத்தில் வியர்வை லேசில் காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விப்பதும் இல்லை. சுகமாக வருகிறோமே என்று தண்ணீரை மறந்துவிடாதீர்கள். தண்ணீரோடு கொஞ்சம் உப்பும் வேண்டும். பசியாறாமல் வருகிறவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஐம்பதாவது கிலோமீட்டரில் அவரே சொல்வார்.

அதனால் இப்படி வயல்வெளியில் நெடுந்தூரம் போவதற்கு முந்தைய வாரங்களில் தூரத்தைக் கூட்டுவதோடு, நாலு பேராகச் சேர்ந்து வரிசையில் மிதித்துப் பழகுங்கள். முதலில் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி, அப்புறம் மெல்ல நெருங்கலாம். ஓரிரு நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் ஒதுங்கிக் கடைசிக்குப் போகட்டும். எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவர், "தம்பி, டயரைப் பார்க்காதே, என் தோளைப் பாரு" என்பார். டயரையே வெறித்தால் அவர் திரும்பப்போவது தெரியாமலே போய்விடும்.

உங்கள் முறை வந்து முன்னால் போகும்போது சாலையைக் கவனியுங்கள். குலை ஏற்றிய லோரி போன இடத்தில் செம்பனைப் பழம் உதிர்ந்து கிடக்கும், நசுங்கினால் எண்ணெய் வழுக்கும். கையைக் கீழே நீட்டிக் காட்டி, சத்தமாகவும் சொல்லிவிடுங்கள். பின்னால் வருகிறவருக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது.