ஹெட்லைட் பல்பு மாற்றப் போகிறீர்களா? ஃபைன் கடைக்காரருக்கு வராது

‘ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு’ என்று பெரிதாக அச்சடித்த பல்பு அட்டை எல்லா ஆக்சஸரீஸ் கடையிலும் தொங்குகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகம் எந்தப் பல்புக்கும் ஒப்புதல் தருவதில்லை. அந்த வேலையே அவர்களுடையது இல்லை. வண்டிப் பாகங்களைச் சோதித்துச் சான்று தருவது புனே ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசர் ஐகேட், நம் ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. மாதிரியான மையங்கள். இது தெரியாமல் பல்புக்கும் பணம் கொடுத்து, ஃபைனும் கட்டி, எஃப்.சி.க்கும் (வண்டியின் தகுதிச் சான்று) அலைந்த டாக்ஸி டிரைவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். சொந்த போர்டு வண்டிக்காரர்களுக்கும் இதே கதைதான், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுகிற அளவுக்கு வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மத்திய மோட்டார் வாகன விதி 106 வெளிச்சத்தைப் பற்றிப் பேசுகிறது. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வலது பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால், அது கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இருக்க வேண்டும், அல்லது டிரைவர் கீழே இறக்க முடிய வேண்டும். எதிரே பைக்கில் வருகிறவரின் கண் கிட்டத்தட்ட அங்கேதான் இருக்கும்.

அப்படியானால் எந்தப் பல்பு போடலாம்? கம்பெனி எந்த வகை கொடுத்ததோ அதே வகை, அதே வாட்ஸ். ஓனர் மேனுவலில் இருக்கும். பெரும்பாலான சின்ன கார்களில் எச்4, 60/55 வாட்ஸ் (முதல் எண் பிரைட்டுக்கு, அடுத்தது டிம்முக்கு). சிலவற்றில் எச்7, 55 வாட்ஸ். இந்த வாட்ஸுக்குள்ளேயே கூடுதல் வெளிச்சம் தரும் ஹாலோஜன் பல்புகள் நல்ல கம்பெனிகளில் கிடைக்கின்றன. அட்டையில் பிளஸ் 100, பிளஸ் 130, பிளஸ் 150 சதவீதம் என்று போட்டிருப்பார்கள். அது மொத்த வெளிச்சம் இரண்டு மடங்கு ஆகும் என்ற அர்த்தத்தில் இல்லை. சாலையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில், விதி கேட்கும் குறைந்தபட்ச அளவைவிட எவ்வளவு கூடுதல் என்ற கணக்கு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், ஆனால் இந்தப் பல்புகள் சாதாரணப் பல்பைவிடச் சீக்கிரம் ஃபியூஸ் போகும். சட்டப்படி பிரைட்டான பல்பு வேண்டும் என்றால் வழி இதுதான். மற்றதெல்லாம் வில்லங்கம்.

வில்லங்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

முதலில் 100/90 வாட்ஸ். ஹோல்டரில் அப்படியே உட்காரும், அதனால் ‘உங்க வண்டிக்குப் பொருந்தும் சார்’ என்று கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. ஆனால் டிம்மிலேயே ஒரு பல்பு ஏழரை ஆம்பியர் இழுக்கும், இரண்டுக்கும் சேர்த்து 15. கம்பெனி வயரிங் 55 வாட்ஸுக்காகப் போட்டது. சில மாதத்தில் பல்பின் பின்பக்கம் வயர் செருகும் கப்ளர் பழுப்பாகி, பிளாஸ்டிக் உருகி, கழற்ற வராமல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளி பூச்சும் கருகும். அப்புறம் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் வராது, டூமையே, அதாவது முழு ஹெட்லைட் கூட்டையே மாற்ற வேண்டும். இந்த அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஆஃப் ரோடு யூஸ் ஒன்லி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பொதுச் சாலையில் போட்டால் பொறுப்பு உங்களுடையது என்று தயாரித்தவரே சொல்லிவிட்டார்.

அடுத்தது எல்.இ.டி. ஹாலோஜனுக்காக வடிவமைத்த ரிஃப்ளெக்டர், இழை இருக்கும் இடத்தைக் கணக்குப் போட்டு வெளிச்சத்தை மடக்குகிறது. எல்.இ.டி. சிப் அதே இடத்தில், அதே அளவில் உட்காராவிட்டால் வெளிச்சம் சிதறி மேலே போகும். உங்கள் சீட்டிலிருந்து பார்த்தால் சாலையெல்லாம் வெள்ளையாகத் தெரியும், எதிரே வருகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. ‘இதுல ஈ-மார்க் இருக்கு சார்’ என்பார்கள். வட்டத்துக்குள் ‘ஈ’ போட்ட முத்திரை இருக்கத்தான் செய்யும். பல எல்.இ.டி. பல்புகளில் அது ரேடியோவுக்கு இரைச்சல் தராது என்ற மின்காந்தச் சோதனைக்கான முத்திரை, ஹெட்லைட்டுக்கான ஒப்புதலே இல்லை. ‘ஜெர்மனியிலேயே அனுமதிச்சிட்டாங்க’ என்பது அடுத்த வசனம். அங்கே 2020 முதல் சில எல்.இ.டி. பல்புகளை, பட்டியலில் உள்ள குறிப்பிட்ட கார் மாடல்களுக்கு மட்டும் அனுமதித்தார்கள். அந்தப் பட்டியலைக் காட்டி இங்கே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வாதாட முடியாது.

அதே காரின் டாப் மாடலில் கம்பெனியே எல்.இ.டி. கொடுக்கிறதே, நம் பேஸ் மாடலில் போட்டால் என்ன என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். டாப் மாடலுக்குச் சோதித்தது முழு விளக்கு அமைப்பை. நீங்கள் மாற்றுவது பல்பை மட்டும். இரண்டும் ஒன்றில்லை.

செகண்ட் ஹேண்ட் வண்டியில் இன்னொரு சிக்கல். பழைய ஓனர் போட்ட பல்பாக இருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். பெயர் மாற்றும் முன் பானெட்டைத் திறந்து பல்பின் உலோக அடிப்பகுதியில் உள்ள வாட்ஸைப் படியுங்கள். புது வண்டி எடுக்கும்போது ஷோரூமிலேயே ‘லைட் அப்கிரேடு’ என்று மாட்டிவிட்டு பில்லில் ‘ஆக்சஸரீஸ்’ என்று ஒற்றை வரியில் முடிப்பதும் உண்டு. பொருள்வாரியாக எழுதிக் கேளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் பழைய பல்பையே மாட்டச் சொல்லுங்கள். அங்கே வேலை செய்கிறவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் நாளைக்கு வயரிங் பிரச்சினை வந்து வாரண்டி கேட்டுப் போகும்போது அவர் அங்கே இருக்க மாட்டார்.

ஃபைன் விஷயத்தில் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த 182ஏ பிரிவைப் படித்துப் பாருங்கள். விதிக்குப் பொருந்தாத பாகத்தை விற்கிறவருக்கு ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஒரு வருடம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு, ஆனால் அது மத்திய அரசு ‘முக்கியப் பாதுகாப்புப் பாகம்’ என்று அறிவித்த பொருளாக இருக்க வேண்டும். வாங்கி மாட்டிய ஓனருக்கு அப்படி எந்த நிபந்தனையும் இல்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. (இரண்டு பல்பு என்றால் இரண்டு மாற்றமா என்று வாயைக் கொடுத்துக் கேட்டுவிடாதீர்கள்.) சாலைப் பாதுகாப்பு விதிமீறல் என்று 190(2) பிரிவில் எழுதினால் முதல் முறையே 10,000 ரூபாய் வரை போகலாம், லைசென்ஸும் 3 மாதம் முடங்கும். பொதுப் பிரிவான 177இல் எழுதினால் முதல் முறை 500, அடுத்த முறை 1,500. ஒரே பல்புதான். எந்தப் பிரிவு என்பது சலான் எழுதுகிறவர் கையில் இருக்கிறது. அதனால் சலான் வந்ததும் தொகையைப் பார்க்கும் முன் பிரிவைப் பாருங்கள். கூடவே வண்டி எண்ணும் போட்டோவும் உங்களுடையதுதானா என்று பாருங்கள். தவறாக இருந்தால் பணம் கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இ-சலான் தளத்தில் புகார் பதிவு செய்யலாம். வழக்கு விர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போயிருந்தால், அங்கே பணம் கட்டாமல் எதிர்த்து வழக்காடுவதற்கும் வழி இருக்கிறது.

இதில் அடிக்கடி நடக்கும் கொடுமை, சலான் வந்ததே தெரியாமல் போவது. ஆர்.சி.யில் பதிவான மொபைல் நம்பருக்குத்தான் எஸ்.எம்.எஸ். போகும். அந்த நம்பர் வண்டி எடுத்தபோது ஏஜென்ட் கொடுத்த அவருடைய சொந்த நம்பராக இருக்கும். எஃப்.சி.க்கோ பெயர் மாற்றவோ போகும்போதுதான் பழைய சலான்கள் வரிசையாக எழுந்து நிற்கும். பரிவாகன் தளத்தில் இன்றைக்கே உங்கள் நம்பரை மாற்றிவிடுங்கள்.

போக்குவரத்து போலீஸ் ஹெட்லைட்டில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த ஸ்டிக்கர் 100 வாட்ஸை 55 ஆக்காது.

எஃப்.சி.க்கு வருவோம். டாக்ஸிக்கு முதல் 8 வருடம் 2 வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடாவருடம். சொந்த வண்டிக்கு 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும்போது. நடப்பது இப்படி: காலையிலேயே வண்டியை மைதானத்தில் வரிசையில் போட்டுக் காத்திருப்பீர்கள். இன்ஸ்பெக்டர் வருவார், லைட்டைப் போடச் சொல்லிப் பார்ப்பார், ‘லைட் சரியில்ல, மாத்திட்டு வா’ என்று அடுத்த வண்டிக்குப் போய்விடுவார். என்ன சரியில்லை என்று சொல்ல மாட்டார். பல்பா, ஃபோகஸா, டூம் மஞ்சளடித்ததா? எனக்குத் தெரிந்த ஒரு டிரைவர் எல்.இ.டி.யைக் கழற்றி சாதாரண எச்4 போட்டுக்கொண்டு மறுபடி போனார். அன்றைக்கு வேறு இன்ஸ்பெக்டர், அதே ‘லைட் சரியில்ல’. இந்த முறை பிரச்சினை கண்ணாடி மங்கியது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டையும் ஒன்றாக முடித்திருப்பார். பக்கத்தில் நின்ற புரோக்கருக்கு மட்டும் விஷயம் என்ன என்று முதல் நாளே தெரிந்திருந்தது.

இங்கே உங்களுக்கு ஓர் உரிமை இருக்கிறது, யாரும் சொல்ல மாட்டார்கள். 56(1) பிரிவின்படி எஃப்.சி. தர மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். சண்டை போடாமல், ‘சார், என்ன மாத்தணும்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா ஒரே தடவைல முடிச்சிட்டு வந்துடுவேன்’ என்று கேளுங்கள். தரவில்லை என்றால் அன்றைக்கே தேதி, நேரம், வண்டி எண், வாய்மொழியாகச் சொன்னது என்ன என்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, நகலில் அங்குள்ள தபால் பிரிவின் முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்ட். அதன் பிறகு 1100க்கு அழைத்து முதல்வரின் முகவரியில் புகார் பதியலாம். 57ஆம் பிரிவில் 30 நாளுக்குள் மேல்முறையீடு என்று ஒன்றும் இருக்கிறது. டியூ கட்டுகிற வண்டியை நிறுத்திவிட்டு அதற்காகக் காத்திருக்க யாருக்கு முடியும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

அதனால் எஃப்.சி. முடியும் தேதி வரை காத்திருக்காதீர்கள். ஒரு மாதம் முன்பே வண்டியைத் தயார் செய்து ஸ்லாட் எடுங்கள். தேதி தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம். அதைவிடப் பெரிது, எஃப்.சி. இல்லாத டாக்ஸி பதிவே இல்லாத வண்டியாகக் கருதப்படும். சாலையில் பிடித்தால் 192ஆம் பிரிவில் முதல் முறையே 2,000 முதல் 5,000 வரை.

தயார் செய்வது என்றால் என்ன? பெரும்பாலும் புதுப் பல்பே தேவைப்படாது. டூமின் வெளிப்பக்கம் மஞ்சளடித்திருந்தால் பாலிஷ் போட்டாலே பாதி வெளிச்சம் திரும்பிவிடும். பழைய வண்டியில் எர்த் துருப்பிடித்து, சுவிட்ச் தேய்ந்து, பல்புக்குப் போகும் வோல்டேஜ் குறைந்திருக்கும். வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். பேட்டரியிலும் பல்பின் கப்ளரிலும் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனுக்குப் பத்து நிமிட வேலை. அப்புறம் டாஷ்போர்டில் வெளிச்சத்தை மேலே கீழே நகர்த்தும், 0 முதல் 3 வரை எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கிறதா? கழுவும்போது யாரோ அதை 3க்குத் திருப்பிவிட்டு, ஓனர் மாதக்கணக்கில் லைட் மங்கல் என்று புலம்பிய வண்டிகளும் உண்டு. நீங்கள் மட்டும் ஓட்டும்போது 0இல் இருக்க வேண்டும். வண்டியைச் சமதரையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடச் சுமார் 10 செ.மீ. கீழே இருந்தால் ஃபோகஸ் பெரும்பாலும் சரி.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பல்பின் அட்டையையும் ஜி.எஸ்.டி. பில்லையும் பத்திரமாக வையுங்கள். இனி வாங்கும்போது துண்டுச்சீட்டு கொடுத்தால் வாங்காதீர்கள், பணத்தை யு.பி.ஐ.யில் கட்டுங்கள். ‘ஆர்.டி.ஓ. அப்ரூவ்டு’ என்று அச்சடித்த அந்த அட்டை உங்கள் பக்கச் சாட்சி. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல கடைகள் அந்த அழைப்பு போனதுமே பணத்தைத் திருப்பிவிடும். அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், இ-ஜாக்ரிதி தளம் வழியாகவே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. 2 வருடத்துக்குள் போட்டாக வேண்டும். மனுவில் பல்பின் விலையை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், உருகிய கப்ளரைச் சரிசெய்த பில், கட்டிய ஃபைனின் ரசீது, எஃப்.சி. மறுத்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்.