ஷாக்குக்குள் இருக்கும் அந்தச் சின்னத் துளை

மதுரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு ரிமோட்டில் ஓடும் ஆஃப்ரோட் பக்கி கார் வாங்கிக் கொடுத்தேன். பத்தில் ஒரு பங்கு அளவு. மண்மேட்டில் ஏறித் தாவி இறங்கும்போது அடிப்பாகம் தரையில் 'டப்' என்று அடித்தது. ஷாக் அப்சார்பரில் இருந்த 350 ஆயிலை எடுத்துவிட்டு 600 ஊற்றினோம். சத்தம் நின்றுவிட்டது. ஆனால் இப்போது வளைவில் வழுக்குகிறது, சின்ன மேடுபள்ளத்தில்கூடத் தத்தித் தத்தி ஓடுகிறது. எந்த ஆயில்தான் சரி?"

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பத்து வருஷமாக நானும் இந்த வண்டிகளோடு மல்லுக்கட்டுகிறேன். இதே இடத்தில்தான் நானும் ஒரு கோடை முழுக்க மாட்டிக்கொண்டு நின்றேன். கோளாறு ஆயிலில் இல்லை. ஆயில் புகுந்து போகிற துளையில் இருக்கிறது.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் அமுங்கும்போது ஆற்றலைச் சேமிக்கும், விட்டால் திருப்பித் தரும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி பந்து மாதிரி குதித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆற்றலை வெப்பமாக்கிக் கரைக்கத்தான் ஷாக். ஒரு சிறு உருளை, அதற்குள் சிலிக்கோன் ஆயில், நடுவில் துளை போட்ட பிஸ்டன். சக்கரம் ஏறி இறங்கும்போது பிஸ்டன் நகரும், ஆயில் துளை வழியாகப் பிதுங்கி மறுபக்கம் போகும். 1984-இல் டீம் அசோசியேட்டட் என்ற அமெரிக்க நிறுவனம் கொண்டுவந்த ஆர்சி10 வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் இப்படி ஆயில் ஷாக்தான். அடுத்த வருஷமே கலிஃபோர்னியாவில் இந்த அளவு வண்டிகளுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. இன்றைய வண்டிகளில் மோட்டார், பேட்டரி எல்லாம் அடியோடு மாறிவிட்டன. ஷாக்கின் உள்ளே பார்த்தால் அதே பிஸ்டன், அதே துளைகள்.

டப்பாவில் 350 என்று போட்டிருப்பது பாகுநிலையின் அளவு, சென்டிஸ்டோக் கணக்கில். தண்ணீர் ஏறக்குறைய 1. அதாவது இது தண்ணீரைவிட 350 மடங்கு கெட்டி. சரி, இனி துளைக்கு வருவோம்.

ஒரு ஷாக்கைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்விட்டம் சுமார் 12 மில்லிமீட்டர். பிஸ்டனில் இரண்டு துளைகள், ஒவ்வொன்றும் 1.6 மில்லிமீட்டர். பிஸ்டனின் பரப்பையும் இரண்டு துளைகளின் பரப்பையும் ஒப்பிட்டால் 28 மடங்கு வித்தியாசம். வண்டி அரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 3 மீட்டர். அதில் பிஸ்டனுக்கு நொடிக்கு 1 மீட்டர் மட்டும் வந்து சேர்கிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். அப்போது துளைக்குள் ஆயில் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் பாய வேண்டும். மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல்! விரல் தடிமன்கூட இல்லாத குழாய்க்குள், குண்டூசித் தலை அளவுத் துளையில், தேன் மாதிரி ஓர் ஆயில் பேருந்தைவிட வேகமாகப் பாய்கிறது. முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது நம்பாமல் இரண்டாவது தடவையும் போட்டேன்.

இப்படிப் பாயும் ஆயில் இரண்டு விதமாக எதிர்க்கிறது.

முதலாவது, பாகுநிலை. ஆயில் அடுக்குகள் துளையின் சுவரிலும் ஒன்றோடொன்றும் உரசும் இழுவை. ரத்தம் நுண்குழாய்களில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பிய பிரெஞ்சு மருத்துவர் புவாசேய், 1840-களில் கண்ணாடிக் குழாய்களில் நீரை ஓடவிட்டு ஒரு விதியைக் கண்டார். குழாயின் விட்டத்தை அரைவாசியாக்கினால், அதே அளவு திரவத்தைத் தள்ள 16 மடங்கு அழுத்தம் வேண்டும். நான்காம் அடுக்கு. இந்த எதிர்ப்பு வேகத்துக்கு நேர்விகிதம்: வேகம் பத்து மடங்கானால் எதிர்ப்பும் பத்து மடங்கு.

இரண்டாவது, நிலைமம். பிஸ்டனுக்கு முன்னால் கிட்டத்தட்டச் சும்மா கிடந்த ஆயிலை ஒரு நொடியின் மிகச் சிறு பங்குக்குள் மணிக்கு 90 கிலோமீட்டருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு. அது வேகத்தின் இருமடியைப் பொறுத்தது: வேகம் பத்து மடங்கானால் எதிர்ப்பு நூறு மடங்கு. இதில் ஆயில் கெட்டியா இளக்கமா என்பதற்கு வேலையே இல்லை. ஆயிலின் அடர்த்தியும் துளையின் அளவும் மட்டும்தான் கணக்கு.

இரண்டையும் ஒரே ஷாக்கில் வைத்துப் பார்த்தால்தான் அழகு தெரியும். பிஸ்டன் நொடிக்கு 5 சென்டிமீட்டர் போகும்போது, அதாவது வளைவில் வண்டி சாயும்போதும் மெல்லிய மேடுபள்ளத்திலும், 350 ஆயிலில் நிலைமத்தின் பங்கு பாகுநிலையின் பங்கில் இருபதில் ஒன்றுதான். நொடிக்கு 1 மீட்டர் ஆனதும் இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிடுகின்றன, தலா சுமார் 3-4 வளிமண்டல அழுத்தம். பிஸ்டன் ஓரத்தில் கசிவதை விட்டுவிட்டு நான் போட்ட மேலோட்டமான கணக்கு இது. ஆனால் கதை அதுதான். மெதுவாக நகரும்போது ஷாக்கை ஆள்வது ஆயில், வேகமாக நகரும்போது துளையும் சேர்ந்து ஆள்கிறது.

இதை வைத்துக்கொண்டு ஒரு வேலை செய்யலாம். 1.6 மில்லிமீட்டர் துளையோடு 450 ஆயில் ஒரு ஷாக்கில். 1.3 மில்லிமீட்டர் துளையோடு 200 ஆயில் இன்னொன்றில். நான்காம் அடுக்குக் கணக்கில் இரண்டும் மெதுவான வேகத்தில் ஒன்றேதான். நான் இரண்டையும் செய்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தேன். எது எது என்று சொல்லவே முடியவில்லை. ஆனால் வெடுக்கென்று அழுத்தினால் சிறுதுளை ஷாக் சுவர் மாதிரி நிற்கிறது. நிலைம எதிர்ப்பு அதில் 2.3 மடங்கு. பந்தயக்காரர்கள் இதை 'பேக் ஆகிறது' என்பார்கள்.

மதுரை வாசகருக்கு வேண்டியது இதுதான். மெதுவான அசைவில் இளக்கம், விழும்போது மட்டும் இறுக்கம். அவர் 600 ஊற்றியதால் எல்லா வேகத்திலும் இறுகிவிட்டது. டயர் தரையின் ஏற்ற இறக்கத்தோடு போக முடியாமல் தூக்கிக்கொள்கிறது, பிடி போகிறது. ஆயிலை இளக்கி, துளையைச் சிறிதாக்க வேண்டும். ஆனால் எல்லா மைதானத்துக்கும் இது ஒத்துவராது. கூர்மையான கல்லும் குழியும் உள்ள இடத்தில் முழு வேகத்தில் ஓடினால் அங்கேயும் பிஸ்டன் வேகமாகத்தான் நகரும். ஷாக் பேக் ஆகி வண்டியை உதைத்துத் தூக்கிவிடும். அங்கே பெரிய துளையும் கெட்டி ஆயிலும்தான் நல்லது. பெரிய தாவல்கள், ஆனால் வழவழப்பான தரை என்றால் சிறுதுளை.

இன்னொரு விஷயம், நம் ஊர் வெயிலுக்கு. சிலிக்கோன் ஆயில் மற்ற எண்ணெய்களைவிட வெப்பத்தைத் தாங்கும் என்றாலும் இளகத்தான் செய்யும். 25 டிகிரியில் 350 ஆக இருப்பது 45 டிகிரியில் 250-க்குப் பக்கம் வந்துவிடும். பாகுநிலைப் பங்கு குறைகிறது, நிலைமப் பங்கு அப்படியே நிற்கிறது. அதனால் சிறுதுளை ஷாக் மே மாத மதியத்திலும் இறங்கும்போது அதிகம் ஏமாற்றாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஜனவரியில் ஜெயித்த ஆயிலை 'ராசி' என்று சொல்லி மே வரைக்கும் மாற்றவே இல்லை. வண்டி குதிக்க ஆரம்பித்ததும் ரிமோட்டில் எலுமிச்சை கட்டினார். மனசு கஷ்டமாக இருந்தது. ஒரு தெர்மாமீட்டர் போதும், அவருடைய கோளாறு தெரிந்திருக்கும். உலக சாம்பியன் தன் வண்டியின் அமைப்பை எழுதிவைத்த செட்டப் தாளை அப்படியே காப்பி அடிப்பதும் எனக்கு இதே மாதிரிதான் படுகிறது. அவருடைய மைதானமும் அன்றைய வெப்பமும் அந்தத் தாளோடு கூட வருவதில்லை.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பொறியியல் கல்லூரியில் ஷாக்கின் சமன்பாட்டைப் போர்டில் எழுதி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒரு ஷாக்கைக் கழற்றி, துளையை மாற்றி, விரலால் அமுக்கிப் பார்த்த மாணவர் எத்தனை பேர்? பெரிய கருவிகளுக்குப் பணம் ஒதுக்கிப் பூட்டி வைப்பதைவிட, ஒவ்வொரு ஆய்வக மேசையிலும் நாலு ஷாக், ஆறு பாட்டில் ஆயில், ஒரு தராசு வைக்கலாம். புவாசேய்க்கு இருந்ததும் கண்ணாடிக் குழாய்கள்தான்.

மற்ற செட்டப் எல்லாம் இதற்கு அப்புறம். தரையிலிருந்து உயரம், சக்கரச் சாய்வு, டிஃப் (வளைவில் இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) ஆயில். டிஃபில் ஆயிரக்கணக்கான சென்டிஸ்டோக் ஆயில் போடுவார்கள், அது தனிக் கதை. ஷாக் சரியில்லாமல் அவற்றைத் தொட்டால் எது எதைச் சரிசெய்தது என்றே தெரியாது.

இனி வாசகருக்குச் செய்முறை. துளையில்லாத பிஸ்டன்கள் தனியாகக் கிடைக்கும். கைத் துளைப்பானில் 1.3 மில்லிமீட்டர் பிட் போட்டு, மெஷின் இல்லாமல் கையாலேயே மெதுவாகத் திருகுங்கள். ஓரத்தில் நிற்கும் பிசிறைப் பிளேடால் எடுத்துவிடுங்கள், பிசிறு இருந்தால் துளையின் அளவே மாறிவிடும். 200 ஆயில் ஊற்றி, பிஸ்டனை மேலும் கீழும் மெல்ல ஏற்றி இறக்கி, பத்து நிமிஷம் நிமிர்த்தி வையுங்கள். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடையும். பிஸ்டனுக்குக் கீழே ஒரு குமிழி ஒட்டிக்கொண்டிருந்தாலும் மூடாதீர்கள். நான்கு ஷாக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அமுக்குங்கள், முன்னால் உள்ள இரண்டும் ஒன்றுபோல, பின்னால் உள்ள இரண்டும் ஒன்றுபோல இருக்க வேண்டும். பிறகு வண்டியை மேசைக்கு ஒரு அடி மேலே பிடித்து விடுங்கள். ஒரே மூச்சில் இறங்கி உட்கார வேண்டும், எகிறக் கூடாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனை அதே மேட்டில் தாவச் சொல்லிவிட்டு, நீங்கள் வண்டி இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று காதைக் கொடுங்கள். 'டப்' சத்தம் இன்னும் வந்தால் வேறு பிஸ்டன் எடுத்து 1.2 மில்லிமீட்டர் துளை போடுங்கள். வளைவில் இன்னும் வழுக்கினால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், எந்த டயர் என்பதையும் சேர்த்து.