கூட்டம் கத்தினால் 80 சென்டிமீட்டர் லாபம்

அமெரிக்காவில் மகனைப் படிக்க அனுப்பியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். மகனுடைய பல்கலைக்கழக ஃபுட்பால் அணிக்குப் போன வாரம் ஆட்டம் கிடையாதாம். வரும் சனிக்கிழமை பரம வைரியோடு ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில். “ஓய்வும் எடுத்தாச்சு, கூட்டமும் நம்ம கூட்டம், ஜெயிப்பு நிச்சயம்கிறான். அறிவியல்படி சரிதானா?”

பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இந்த ஃபுட்பால் நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்க ஆட்டம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஓர் அணிக்கு ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் கடைசிக்குள் 12 ஆட்டங்கள். வாரம் ஒன்றுதான், பெரும்பாலும் சனிக்கிழமையில். ஆட்டம் இல்லாத வாரத்துக்குப் பெயர் பை வாரம். வழக்கமாக அது ஒன்று. காலண்டரில் 14 சனிக்கிழமைகள் விழும் வருடங்களில் இரண்டு. வைரி அணிகளுக்குள் ஒரு வருடம் இங்கே, மறு வருடம் அங்கே என்று ஆட்டம் மாறி மாறி நடக்கும்.

ஓய்வும் சொந்த மண்ணும் ஒரே பக்கம் சேர்ந்துகொண்டதற்கு நல்ல உதாரணம் 2013. அலபாமா மாநிலத்தின் இரண்டு பல்கலைக்கழகங்களான அலபாமாவும் ஆபர்னும் மோதும் ஆட்டத்தை அயர்ன் பௌல் என்பார்கள். 1893-ல் தொடங்கிய பகை அது. 1907-க்குப் பிறகு 41 வருடம் ஆடாமலேயே முறைத்துக்கொண்டிருந்து, 1948-ல்தான் மறுபடி மைதானத்துக்கு வந்தார்கள். 2013 நவம்பர் 30 அன்று ஆட்டம் ஆபர்னில். நாட்டின் முதலிடத்தில் அலபாமா, நான்காம் இடத்தில் ஆபர்ன். முந்தைய சனிக்கிழமை ஆபர்னுக்குப் பை வாரம். அலபாமாவோ சட்டனூகா என்ற சின்ன அணியை 49-0 என்று போட்டு அடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஆபர்ன் 34-28 என்று ஜெயித்தது. எப்படி ஜெயித்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் சொந்த மைதானம்.

‘ராசியான மைதானம்’ என்று நம் ஊரில் சொல்வதை அங்கேயும் வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். ராசி என்று ஒன்றும் இல்லை, இருப்பது சத்தம். அந்தச் சத்தம் என்ன செய்கிறது என்பதை ஒரே ஒரு வீரரிடம் போய்ப் பார்க்கலாம்.

பந்து தரையில் இருக்கிறது. அதன் மேல் கை வைத்துக் குனிந்திருப்பவர் சென்டர். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர். ஓரத்தில் நிற்பவர் டேக்கிள். எல்லோரும் 130, 140 கிலோ ஆசாமிகள். பின்னால் நின்று பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் மேல் எதிராளி பாயாமல் தடுப்பதுதான் வேலை. சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் அனுப்பும் கணம்தான் ஸ்னாப். அதற்கு முன்னால் இந்த ஐவரில் ஒருவர் துள்ளிவிட்டாலும் ஃபால்ஸ் ஸ்டார்ட், 5 யார்டு அபராதம்.

ஸ்னாப் எப்போது என்பது எதிரே நிற்கும், பந்து கையில் இல்லாத அணிக்குத் தெரியாது. பந்து நகர்வதைக் கண்ணால் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். கண் பார்த்து, மூளை உத்தரவு போட்டு, கால் அசைய ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். பந்தை வைத்திருக்கும் தாக்கும் அணிக்கு அந்தக் கவலை இல்லை. குவார்ட்டர்பேக் ‘ஹட், ஹட்’ என்று கத்துவார்; இரண்டாவது ஹட்டில் ஸ்னாப் என்று முன்பே பேசிவைத்திருப்பார்கள். தாளம் தெரிந்துவிட்டதால் டேக்கிள் எதற்கும் காத்திருப்பதில்லை, பந்தோடு சேர்ந்தே கிளம்பிவிடுகிறார். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்கும் நேரம் ஒருவனுக்கு மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் எப்படியோ, அப்படி. தாக்கும் அணிக்கு இருக்கிற பெரிய சலுகைகளில் இது ஒன்று.

இப்போது கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபர்னின் ஜோர்டன்-ஹேர் மைதானத்தில் சுமார் 88 ஆயிரம் பேர் உட்காரலாம். இந்தக் கூட்டம் கண்டபடி கத்தாது. தன் அணியிடம் பந்து இருக்கும்போது அடங்கிவிடும். வந்த அணி பந்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதும் கூரை பிய்ந்துகொள்ளும். நன்றாகக் கத்தும் ஒரு மனிதரின் குரல் ஒரு மீட்டர் தள்ளி சுமார் 90 டெசிபல். குவார்ட்டர்பேக்கிலிருந்து ஓரத்து டேக்கிளுக்கு ஐந்து மீட்டர் என்று வைத்தால், தூரம் கூடக்கூடச் சத்தம் குறைந்து 76 டெசிபலாகத்தான் வந்து சேரும். கூட்டத்தின் இரைச்சலோ மைதானத்துக்குள் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். வித்தியாசம் 24 டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம். டெசிபல் மடக்கைக் கணக்கு. 24 டெசிபல் என்றால் ஆற்றலில் 250 மடங்கு. குவார்ட்டர்பேக்கின் ஹட் எங்கேயோ கரைந்துபோகிறது.

என்ன செய்வார்கள்? சைகைக்குப் போவார்கள். சென்டருக்கு அடுத்து நிற்பவர் திரும்பிக் குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார். குவார்ட்டர்பேக் காலைத் தூக்கினால் இவர் சென்டரைத் தட்டுவார். சென்டர் தலையை நிமிர்த்தி, மனசுக்குள் ஒன்று எண்ணி, பந்தை அனுப்புவார். ஓரத்து டேக்கிளுக்கு இது எதுவும் காதில் விழாது. தலையை உள்பக்கம் திருப்பிப் பந்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எதிரே பாயக் காத்திருப்பவனும் அதே பந்தைத்தான் பார்க்கிறான். இருவருக்கும் அதே 0.2 நொடி. சலுகை போச்சு. அதற்கு மேல் டேக்கிளின் கழுத்து வேறு தப்பான பக்கம் திரும்பியிருக்கிறது. எதிராளி நொடிக்கு 4 மீட்டர் வேகம் பிடித்துவிட்டால் 0.2 நொடிக்கு 80 சென்டிமீட்டர். குவார்ட்டர்பேக்கின் சட்டையைப் பிடிப்பதற்கும் காற்றைப் பிடிப்பதற்கும் அவ்வளவுதான் தூரம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சத்தம் யாரையும் பயமுறுத்த வேண்டியதில்லை என்பது. வந்த அணியின் வீரர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்களாக இருந்தாலும் அந்த 0.2 நொடி பறிபோகத்தான் செய்யும். இன்னொன்று, கூட்டம் இரண்டு மடங்கானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். அதனால் எத்தனை பேர் என்பதைவிட எவ்வளவு நெருக்கத்தில், எவ்வளவு செங்குத்தான படிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது முக்கியம். 2024 முதல் கல்லூரி ஆட்டத்தில் ஹெல்மெட்டுக்குள் வானொலி வந்துவிட்டது. ஆனால் மைதானத்தில் ஒரே ஒரு வீரருக்குத்தான். ஸ்னாப்புக்குக் கெடு வைக்கும் கடிகாரத்தில் 15 நொடி மீதியிருக்கும்போது அதுவும் நின்றுவிடும். மீதிப் பத்துப் பேருக்கு அவர் கத்தித்தான் ஆக வேண்டும்.

கூட்டமே இல்லாவிட்டால்? 2020-ல் கொரோனா அந்தச் சோதனையைச் செய்து காட்டியது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்லில் பல மைதானங்கள் காலி, மற்றவற்றில் கொஞ்சம் பேர். சொந்த மைதானத்து அணிகள் அந்த சீசனில் 127 வென்று 128 தோற்றன, ஒன்று சமன். மிச்சமிருக்கும் காரணங்களில் நடுவரும் உண்டு. 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் கால்பந்து நடுவர்களுக்கு ஒரே வீடியோவை, சிலருக்குச் சத்தத்தோடும் சிலருக்குச் சத்தமில்லாமலும் போட்டுக் காட்டினார்கள். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த அணி மேல் குறைவான ஃபவுல்களே கொடுத்தார்கள். பயண அலுப்பு மூன்றாவது காரணம், ஆனால் வைரிகளுக்குள் அது பெரும்பாலும் செல்லாது. அலபாமா அணியின் ஊரான டஸ்கலூசாவிலிருந்து ஆபர்னுக்குச் சில மணி நேரப் பஸ் பயணம்தான்.

சரி, பை வாரம்? தசையில் தீர்ந்த எரிபொருளான கிளைகோஜன் ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். அடிபட்ட வலி இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய் இறங்கும். ஆக, சாதாரண வீரருக்கு ஏழு நாளே போதும். கூடுதல் வாரம் உதவுவது, தொடைத்தசை லேசாக இழுத்துக்கொண்டு இரண்டு வாரம் ஆறவேண்டிய இரண்டு மூன்று பேருக்குத்தான். எதிராளியைப் படிக்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறதே என்பார்கள். வைரி அணியை வருடம் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு அதில் என்ன புதிதாகக் கிடைத்துவிடும்? என்.எஃப்.எல்லில் வீரர்களோடு போட்ட 2011 ஒப்பந்தம் பை வாரத்தில் வீரர்களுக்குத் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை கட்டாயம் என்றது. அதன் பிறகு பை வாரத்தின் லாபம் கிட்டத்தட்ட மறைந்தே போனது. பயிற்சியாளர் கூடுதலாக வேலை வாங்கியதுதான் பழைய லாபமோ என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. போதாக்குறைக்கு வைரிகள் இருவரும் ஒன்றாகவே ஓய்வெடுப்பதும் உண்டு: 2013-ல் இன்னொரு வைரியான லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு (எல்.எஸ்.யு.) ஆடுவதற்கு முன்னால் அலபாமாவுக்கும் பை, எல்.எஸ்.யு.வுக்கும் பை. கணக்கு நேர்.

மொத்தமாகப் பார்த்தால் சொந்த மைதானத்துக்கு இரண்டு மூன்று புள்ளி, பை வாரத்துக்கு அதைவிடக் குறைவு. ஒரு தனி ஆட்டத்தின் முடிவோ கணிப்பிலிருந்து 15 புள்ளி தள்ளி விழுவது சகஜம். சம பலமுள்ள அணிகளில் ஒன்றுக்கு 3 புள்ளி சாதகம் கொடுத்தால் 100 ஆட்டங்களில் 50-க்குப் பதிலாக 58 ஜெயிக்கும். மிச்சம் 42?

2013-ன் கடைசி நொடிதான் அந்த மிச்சம். 28-28 என்று சமன். நேரம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது அலபாமா வாதாடி ஒரே ஒரு நொடியைத் திரும்ப வாங்கியது. அந்த நொடியில் 57 யார்டு தூரத்திலிருந்து கோல் உதைத்தார்கள், பந்து எட்டவில்லை. கோலுக்குக் கீழே காத்திருந்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ் அதைப் பிடித்து மைதானத்தின் மறுகோடிவரை ஓடிவிட்டார், ஆறு புள்ளி. உதைக்கும் அணியில் இருந்தவர்கள் பெரும்பாலும் தடுப்பதற்கென்றே வந்த கனமான ஆட்கள், துரத்த முடியவில்லை. இதில் ஓய்வுக்கும் வேலை இல்லை, சத்தத்துக்கும் வேலை இல்லை.

ஆனால் தொலைக்காட்சியில் ‘இந்தப் பயிற்சியாளர் பை வாரத்துக்குப் பிறகு இத்தனைக்கு இத்தனை’ என்று ஐந்தாறு ஆட்டத்தை வைத்து ஜாதகம் கணிப்பது நிற்காது. ஓர் உதாரணத்தைக் கணக்கே போட்டுப் பார்த்தேன். நிக் சேபன் அலபாமா பயிற்சியாளராக இருந்த 2007-2023 காலத்தில் 17 அயர்ன் பௌல்கள். ஐந்து தோல்வி, அதில் நான்கு ஆபர்னில். மைதானம் பெரிதாகத் தெரிகிறது அல்லவா? அந்த ஐந்து தோல்விகளைக் குடவோலை முறையில் 17 ஆட்டங்களுக்குள் போட்டாலும், நான்கோ அதற்கு மேலோ ஆபர்ன் பக்கம் விழ 18 சதவீத வாய்ப்பு உண்டு. சேபனுக்கு வருடத்துக்கு ஒரு கோடி டாலர் சம்பளம் கொடுக்க முடிந்த அமைப்புகள், வீரர்களின் தூக்கம், காயம், ஓட்ட வேகம் பற்றிய தரவுகளைப் பெயரை மறைத்தாவது ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டால் இதற்கு உருப்படியான விடை கிடைக்கும். இப்போதைக்கு அந்த ஆர்வம் பந்தயக் கம்பெனிகளிடம்தான் இருக்கிறது.

நல்ல சோதனை ஒன்று தானாகவே வருகிறது. ஜார்ஜியா, ஃப்ளோரிடா பல்கலைக்கழகங்கள் பல காலமாக ஜாக்சன்வில்லில், இருக்கைகளைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டு மோதுகின்றன. பெரும்பாலும் இருவருமே பை வாரம் முடிந்து வருவார்கள். அந்த மைதானத்தைப் புதுப்பிப்பதால் 2026 ஆட்டம் ஜார்ஜியாவின் அட்லாண்டாவில், 2027 ஆட்டம் ஃப்ளோரிடாவின் டாம்பாவில். கூட்டம் அங்கேயும் பாதிப் பாதியாக இருந்தால், சத்தம் இல்லாத சொந்த மண்ணுக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இரண்டே இரண்டு தரவுப் புள்ளிகள் கிடைக்கும். இரண்டை வைத்து எதுவும் சொல்ல முடியாதுதான்; தொலைக்காட்சிக்காரர்கள் சொல்வார்கள்.