சம்மென்செட்னிங்: நார்வேஜிய மொழியின் கூட்டுச்சொல்

நார்வேஜிய மொழியில் சொற்களை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுவதற்கு 'சம்மென்செட்னிங்' என்று பெயர். 'சம்மென்' என்றால் சேர்ந்து. 'செட்னிங்', வைப்பதைக் குறிக்கும் 'செட்டெ' என்ற வினையிலிருந்து வந்தது. ஆக, சேர்த்து வைத்தது. இதைத் தமிழில் தொகைச்சொல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் அது முக்கனி, மூவேந்தர் போன்றவற்றுக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். கூட்டுச்சொல் என்பதுதான் குழப்பம் தராது.

மருத்துவமனை அங்கே 'சீகெஹூஸ்': நோயாளி, வீடு. மழலையர் பள்ளி 'பார்னெஹாகெ': குழந்தை, தோட்டம். இவை சின்னவை. 'மென்னெஸ்கெரெட்டிஹேட்ஸ்ஒர்கனிசஷூனெனெ' என்பதற்கு ரோமன் எழுத்தில் 33 எழுத்து, 13 அசை. மலைக்க வேண்டாம், மூட்டுகளில் பிரியுங்கள்: மென்னெஸ்கெ (மனிதர்), ரெட்டிஹேட் (உரிமை), ஸ், ஒர்கனிசஷூன் (அமைப்பு), எனெ (பன்மை விகுதி). மனித உரிமை அமைப்புகள். 'ரெட்டிஹேட்' என்பதன் நடுவே எழுத்தில் ஒரு 'க்' உண்டு, வாயில் வராது.

நடுவில் நிற்கும் அந்த 'ஸ்' யார்? பழைய வேற்றுமை உருபின் எச்சம். இன்று தனிப்பொருள் இல்லை. ஒட்டு வேலை மட்டும். அங்கே இதை 'ஃபூகெ-எஸ்' என்கிறார்கள். சுவரில் ஓடுகளுக்கு இடையே உள்ள இணைப்புக்கும் ஃபூகெ என்றுதான் பெயர். நமக்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. புளியங்காயில் 'அம்' செய்யும் வேலைதான் இது. சாரியை என்றே சொல்லலாம்.

இந்தச் சாரியை வாசிப்பவருக்குப் பெரிய உதவி. ஒயின் கிண்ணம் 'வீன்க்லாஸ்'. அதில் 'ஸ்' இல்லை. சிவப்பு ஒயின் கிண்ணமோ 'ரோவீன்ஸ்க்லாஸ்'. (முதல் உயிரை, ஓகாரத்துக்கு உதட்டைக் குவித்துக்கொண்டு ஏகாரம் சொல்வதுபோல் ஒலிக்க வேண்டும்.) முன்பகுதியே கூட்டுச்சொல்லாக இருந்தால் பெரும்பாலும் 'ஸ்' வரும். அதாவது இது சிவப்பான கிண்ணம் அல்ல, சிவப்பு ஒயினுக்கான கிண்ணம். பெரிய மூட்டு எங்கே என்று அந்த ஓர் எழுத்து காட்டிவிடுகிறது.

வரியின் ஓரத்தில் சொல்லை உடைப்பதிலும் மூட்டுக்கே முதலிடம். பேருந்து நிறுத்தம் 'புஸ்ஸ்டொப்'. 'புஸ்' என்பது இரண்டு 'ஸ்' எழுத்தில் முடியும், 'ஸ்டொப்' இன்னொன்றில் தொடங்கும். ஒரே மெய் மூன்று முறை அடுத்தடுத்து வரக்கூடாது என்பதால் சேர்த்து எழுதும்போது ஒன்று விழும். வரி முடிவில் பிரித்தால் அது திரும்பி வந்துவிடும்! எனக்கு மிகவும் பிடித்த விதி இது.

அப்புறம் அழுத்தம். பொதுவாக முதல் பகுதிக்கே முழு அழுத்தம்; பின்பகுதிக்குக் குறைவு. இடைவெளி விட்டால் பொருளே மாறும். 'ரொய்க்ஃப்ரிட்' என்றால் புகையற்ற இடம். அதையே 'ரொய்க் ஃப்ரிட்' என்று பிரித்து இரண்டையும் அழுத்திச் சொன்னால், தாராளமாகப் புகை பிடியுங்கள் என்று பொருள்.