வேறு வண்டியின் ஃபோர்க்கை மாட்டும் முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சுமை ஆட்டோவில் ஒரு யமஹா ஆர்.எக்ஸ்.100 பைக் என் பட்டறை வாசலில் வந்து இறங்கியது. கூடவே இறங்கிய தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். அப்பா ஓட்டிய வண்டி, இப்போது மகன் கைக்கு வந்திருக்கிறது. ஆனால் முன்பக்கத்தில் அப்பா காலத்துச் சாமான் ஒன்றுகூட இல்லை. தடித்த ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் இரட்டைக் குழாய்), அலாய் சக்கரம், டிஸ்க் பிரேக்.

"ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் முன்சக்கரம் ஆட ஆரம்பித்தது அண்ணா. பிரேக்கைப் பிடித்தால் இன்னும் ஆடியது" என்றார். நல்ல வேளை, ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறார்.

வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். கடகடவென்றது. ஆக்சிலை உருவியதும் பேரிங் குண்டுகள் இரண்டு என் உள்ளங்கையில் வந்து விழுந்தன, நீலம் பாய்ந்து. சக்கரத்தின் ஹப்புக்குள் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே ஒரு சிறு குழாய் இருக்க வேண்டும். நட்டை முறுக்கும் இறுக்கத்தை அந்தக் குழாய்தான் தாங்கும். அது இல்லை. அதற்குப் பதில், வெளிப்புறத்து இடைவெளியை அடைக்கப் பளபளவென்று ஓர் அலுமினிய புஷ், அதாவது ஒரு சிறு வளையம், மட்டும் இருந்தது. முறுக்கிய இறுக்கம் முழுவதும் பேரிங்குகளை உள்நோக்கி நெரித்திருக்கிறது. சமதளத்தில் மூன்று வாரம் தாங்கியது, மலையில் தாங்கவில்லை. விசாரித்தால், ஃபோர்க் ஒரு 150 சிசி வண்டியுடையது, சக்கரம் இன்னொரு வண்டியுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு லேத் பட்டறை.

சேலத்தில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. எந்தச் சாமானைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அரைமணி நேரத்தில் புஷ் கடைந்து பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். கை சுத்தம் அப்படி. என்ன பிரச்சினை என்றால், லேத்தில் கடையும் டர்னருக்கு அளவு தெரியும், வண்டி தெரியாது. கொடுத்த அளவுக்குக் கடைவது அவர் வேலை. அந்த அளவு சரியா என்று பார்ப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை. இங்கே அதை யாரும் செய்யவில்லை.

நான் மாற்றங்களுக்கு எதிரி இல்லை. ஆர்.எக்ஸ்.100 1985-இல் வந்து 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி. முன்னும் பின்னும் டிரம் பிரேக். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே இருபது கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது, பாரம் முழுவதும் பிரேக் ஷூவின் தலையில்தான் விழும். சூடேறிய டிரம் பிடிப்பை இழப்பதை அந்தச் சாலையில் இறங்கிய எவரும் உணர்ந்திருப்பார்கள். ஆகவே டிஸ்க் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் பெண் எடுத்தால் சம்பந்தி வீடும் சேர்ந்துதான் வரும். ஃபோர்க்கை எடுத்தால் அதன் டீ ஸ்டெம் (ஃபோர்க்கை வண்டியோடு இணைக்கும் தண்டு), சக்கரம், ஆக்சில், காலிப்பர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்), மாஸ்டர் சிலிண்டர் (லீவரை அமுக்கினால் பிரேக் ஆயிலைத் தள்ளும் பாகம்) அத்தனையும் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அளவும் காலிப்பரின் பிஸ்டன் அளவும் ஒன்றுக்கொன்று கணக்குப் போட்டுச் செய்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் லீவர் கல்லாக இருக்கும், அல்லது கைப்பிடிவரை அமுங்கிவிடும்.

அத்தனையும் வந்துவிட்டாலும் வண்டியின் ஃபிரேமோடு ஒத்துப்போக வேண்டும். ஹேண்டில் திரும்பும் அச்சைக் கோடாகத் தரைவரை நீட்டினால் அது டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் விழும். அந்தச் சில அங்குலம்தான் வண்டியை நேராக ஓட வைக்கிறது. 18 அங்குலச் சக்கரம் இருந்த இடத்தில் 17 அங்குலம் வந்து, ஃபோர்க்கும் குட்டையாகிவிட்டால் அந்த இடைவெளி குறையும். நகரத்துக்குள் ஹேண்டில் லேசாக இருப்பது சுகமாகத் தெரியும். வேகம் கூடினால் கைக்கு அடங்காமல் துடிக்கும்.

இந்தத் தம்பியின் வண்டியில் இன்னொன்றும் இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டிலை இடது கோடிவரை திருப்பினேன். ஆக்சிலேட்டரைத் தொடவே இல்லை, எஞ்சின் தானாக உறுமியது. உயரமான புது ஹேண்டிலுக்குப் பழைய கேபிள் எட்டவில்லை. கொண்டை ஊசியில் ஹேண்டிலை ஒடித்துத் திருப்பும் நொடியில் வண்டி முன்னால் பாய்ந்தால் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்டேன். "இரண்டு மூன்று முறை பாய்ந்தது அண்ணா, நான்தான் முறுக்கிவிட்டேன் என்று நினைத்தேன்" என்றார். இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். இரு கோடிக்கும் திருப்பும்போது ஃபோர்க் டேங்க்கை இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். பிறகு பின்டயரை ஒட்டி இருபுறமும் நூல் பிடித்தால் முன்சக்கரம் நடுவில் நிற்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எஞ்சின் பக்கம் வந்தால் பலரும் கேட்பது இதன் அண்ணன் வண்டியான ஆர்.எக்ஸ்.135-இன் சிலிண்டரை. இரண்டிலும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50 மில்லிமீட்டர்தான், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும் 50-க்குப் பதில் 58. அதனால்தான் இந்த ஆசை வருகிறது. பிஸ்டன் கனம் கூடும், பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க்கோ பழைய பிஸ்டனுக்குச் சமன் செய்தது. அதிர்வை ஆயுள் முழுக்கக் கால் உணரும்.

அதைவிட நான் அஞ்சுவது கார்புரேட்டர் மாற்றத்துக்கு. இந்த வண்டியில் ஆயில் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகப் போகிறது. ஆக்சிலேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை கார்புரேட்டருக்கும் மறு கிளை பம்ப்புக்கும் செல்லும். வேறு வண்டியின் கார்புரேட்டரில், கேபிள் இழுக்கும் ஸ்லைடு ஏறும் தூரம் வேறு. பம்ப்பின் குறியை மறுபடி சரிபார்க்காமல் விட்டால் பெட்ரோல் போகும் அளவுக்கு ஆயில் போகாது, பிஸ்டன் ஜாம் ஆகிவிடும். ஏற்காட்டு எஸ்டேட்டில் வேலை செய்யும் ஒருவர், மேலே பிளக் கறுத்துப்போகிறது என்று கார்புரேட்டரில் சிறிய ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டிருந்தார். சுமார் 1,500 மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றுக்கு அது சரி. ஏப்ரல் மாத மதியத்தில் சேலத்துக்கு இறங்கி வந்து வேகம் பிடித்தபோது, கீழே உள்ள அடர்ந்த காற்றுக்கு அந்தப் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொண்டது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரங்கள் அமையும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 98 சிசி என்று பதிவான வண்டியில் 132 சிசி சிலிண்டர் ஏற்றுவது அதில் நேராகவே அடிபடும். 2019-இல் திருத்திய 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கொரு முறை ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். ஆர்.எக்ஸ்.100 எல்லாமே அந்த வயதைத் தாண்டியவை. ஆய்வாளர் முன் நிறுத்தும் நாளில் மாற்றிய சாமானை ஒளிக்க முடியாது.

தம்பியின் வண்டிக்குப் பழைய ஃபோர்க்கும் டிரம் சக்கரமும் அவர் வீட்டுப் பரணில் இருந்தன. அவற்றையே ஏற்றினேன். டிரம்மைக் கடைந்து, புது ஷூ போட்டு, ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டை மாற்றினேன். டிஸ்க்குக்கு அவர் கொடுத்த தொகையில் கால்வாசிகூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு அவரைப் பின்னால் உட்கார வைத்து நானே ஏற்காடு போய் வந்தேன். இறங்கும்போது இரண்டாவது கியர், இடையிடையே கிளட்ச் பிடித்து லேசாக ஒரு முறுக்கு, ஆயில் போவதற்காக. வழியில் ஒருமுறை நிறுத்தி டிரம்மைக் கிட்டக் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். சூடு இருந்தது, வாடை இல்லை.

அந்த அலுமினிய புஷ் இப்போது என் மேசையில் பில்கள் பறக்காமலிருக்க உட்கார்ந்திருக்கிறது. கடைந்தவரின் வேலையில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.